வைத்தியசாலையில் கலந்து தந்த கண் துளிமருந்து: வீட்டில் எப்படி வைத்திருப்பது, எப்படி விடுவது?

கேள்வி: படுவான்கரை மகள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், வட்டையை (வயல்வெளியை) ஒட்டிய ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். அப்பாவுக்கு 64 வயது. சென்ற மாதம் வேளாண்மை வெட்டு நடந்தபோது, மெசின் கொட்டிய நெல்லைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தவரின் வலது கண்ணில் நெல்லின் கூரோ சுணையோ பட்டுவிட்டது. முதல் இரண்டு நாட்களும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் சொற்படி நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு விட்டார். மூன்றாம் நாள் சந்தியிலுள்ள ஒரு கடையில் கேட்டு வாங்கிய துளிமருந்தை விட்டார். சிவப்புக் குறைந்தது, குணமாகிறது என்று நாங்களும் நம்பியிருந்துவிட்டோம். ஐந்தாம் நாள் விடிய எழும்பியபோது கருவிழியில் அரிசிக்குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை என்றார்.

அன்றே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். கருவிழியில் புண் வந்திருப்பதாகச் சொல்லி, புண்ணிலிருந்து சிறிதளவு சுரண்டி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டு, அப்பாவை விடுதியில் அனுமதித்தார்கள். முதல் இரண்டு நாட்களும் இரவு பகலாக மணிக்கொரு தடவை மருந்து விட்டார்கள். பதினொரு நாட்களின் பின்னர், புண் சுருங்கி வருகிறது, இனி வீட்டில் வைத்துப் பார்க்கலாம், அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வாருங்கள் என்று துண்டு தந்து அனுப்பியிருக்கிறார்கள்.

எங்களிடம் இப்போது மூன்று போத்தல்கள் இருக்கின்றன. ஒன்று வைத்தியசாலையிலேயே கலந்தது. அதில் கையால் "செஃபசோலின்" என்றும் ஒரு திகதியும் எழுதி, குளிரில் வைக்கவும் என்று குறித்திருக்கிறார்கள். இரண்டாவது பால்போல் வெள்ளையாக இருக்கும் நட்டாமைசின். மூன்றாவது அட்ரோபின். முதல் இரண்டையும் விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையும், அட்ரோபினை நாளுக்கு இரண்டு தடவையும் விட வேண்டும்.

எங்கள் வீட்டில் குளிர்சாதனப்பெட்டி இல்லை. மாமி வீட்டில் இருக்கிறது, ஆனால் அது ஒரு மைல் தூரம்; இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஓடிப்போய் எடுத்துவர முடியாது. இதே மருந்தைக் கடையில் வாங்க முடியாதா, ஏன் வைத்தியசாலையில் கலந்து தருகிறார்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. அந்த மருந்து விட்டால் மிளகாய் பட்டதுபோல எரிகிறது என்று அப்பா தலையைத் திருப்பிக்கொள்கிறார். அம்மாவோ ஒரு துளி வெளியே வழிந்துவிடும் என்ற பயத்தில் மூன்று துளிகள் விடுகிறார், மூன்று மருந்தையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மூச்சில் விட்டு முடிக்கிறார். இது சரியா? விபரம் அறிந்தவர்கள் சொல்லித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற மருந்தாளர், கல்லடி

மகள், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் துண்டில் வைத்தியர் எழுதியிருப்பதும் போத்தலில் எழுதியிருப்பதும்தான் முதன்மையானவை. நான் எழுதுவது அவற்றை விளங்கிக்கொள்வதற்கு மட்டுமே.

ஏன் கலந்து தருகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். செஃபசோலின் என்பது பக்டீரியாவுக்கான அன்டிபயோட்டிக்; ஊசிமருந்தாகச் சிறு குப்பியில் உலர்ந்த தூளாக வருவது. தூளாக இருக்கும்வரை அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும். நீர் பட்ட கணத்திலிருந்து அதன் மூலக்கூறு சிறிது சிறிதாக உடையத் தொடங்கிவிடும், சூடு கூடினால் இன்னும் விரைவாக உடையும். ஆகவே எந்தத் தொழிற்சாலையும் அதைத் துளிமருந்தாகக் கலந்து போத்தலில் அடைத்துக் கப்பலேற்றிக் கடைகளுக்கு அனுப்ப முடியாது. கடைக்கு வந்து சேரும்போது அதில் மருந்து என்று சொல்ல அதிகம் மிஞ்சியிருக்காது. வைத்தியசாலையில் 500 மில்லிகிராம் தூளை 10 மில்லிலீற்றர் கிருமிநீக்கிய நீரில் கரைத்தால் ஒரு மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம் வரும். அதைத்தான் 5 வீதக் கரைசல் என்கிறோம். போத்தலில் எழுதியுள்ள திகதி இதனால்தான் அவ்வளவு முக்கியமானது. பாதி மருந்து மிஞ்சியிருக்கிறதே என்று அந்தத் திகதிக்குப் பின்னர் ஒரு துளிகூட விட வேண்டாம்.

கடையில் கிடைக்கும் அன்டிபயோட்டிக் துளிகள் சாதாரணக் கண்ணோய்க்குப் போதுமானவை. புண்ணுக்குப் பெரும்பாலும் செறிவு போதாது. கருவிழியில் இரத்தக்குழாய்கள் இல்லாததால் குளிசையாகக் கொடுப்பதும் அங்கே போதிய அளவில் போய்ச் சேராது. மேலிருந்து, செறிவாக, அடிக்கடி விடுவதுதான் வழி. ஜென்டாமைசின் என்ற அன்டிபயோட்டிக்கை உதாரணமாகப் பாருங்கள். கடையில் விற்கும் 5 மில்லிலீற்றர் போத்தலில் 0.3 வீதம், அதாவது மொத்தம் 15 மில்லிகிராம்தான் இருக்கும். அதனுள் 80 மில்லிகிராம் கொண்ட 2 மில்லிலீற்றர் ஊசிமருந்தைச் சேர்த்தால் 7 மில்லிலீற்றரில் 95 மில்லிகிராம் ஆகிறது. செறிவு நாலரை மடங்கு கூடிவிடுகிறது. கணக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குரியதுதான், ஆனால் அதைச் செய்யும் இடமும் கையும் அப்படிப்பட்டவை அல்ல. காற்றை வடிகட்டி ஒரே திசையில் வீசும் பெட்டிக்குள் கையுறையோடு கலப்பார்கள். கரைசலாக இருந்தால் 0.22 மைக்ரோன் துளைகொண்ட வடியினூடாகச் செலுத்தினால் பக்டீரியாக்கள் பின்தங்கிவிடும். எந்த மருந்துக்கு எந்த நீர் என்பதிலும் தவறு வரக்கூடாது. பூஞ்சணத்துக்குக் கொடுக்கும் அம்போட்டெரிசின் பி என்ற மருந்தை, வேறு சில மருந்துகளைப் போலச் சேலைன் என்னும் உப்புக் கரைசலில் கலந்தால், அது கரையாமல் வீழ்படிவாகிவிடும். தூய கிருமிநீக்கிய நீரில்தான் கலக்க வேண்டும், வெளிச்சமும் படக்கூடாது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் என் மூத்தவர் இதைக் கலந்து காட்டியபோது, ஒரு சொல் பேசாமல் பார் என்றார். பேசும்போது வாயிலிருந்து தெறிப்பவை போத்தலுக்குள் போகும் என்பதற்காகச் சொன்னார் என்று பின்னர்தான் விளங்கியது.

தொழிற்சாலைத் தயாரிப்பானாலும் கிருமி புகுந்தால் என்ன நடக்கும் என்பதை 2023 ஆம் ஆண்டில் இந்த நாடே பார்த்தது. கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் விடப்பட்ட, இறக்குமதி செய்யப்பட்ட ஒரு பிரெட்னிசொலோன் துளிமருந்து, நோயாளிகள் பலரின் கண்களில் தொற்று ஏற்பட்டதையடுத்துப் பாவனையிலிருந்து விலக்கப்பட்டது.

எரிவு பற்றி: செறிவைக் கூட்டிய மருந்துகள் கண்ணீரின் இயல்பிலிருந்து விலகியவை. அதனால் எரியும். விட்ட சில நிமிடங்களில் தணிந்தால் அது எதிர்பார்த்ததே என்று அப்பாவிடம் சொல்லுங்கள். தணியாமல் கூடிக்கொண்டே போனால், அல்லது இமை வீங்கினால், செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். நிறத்தையும் கவனியுங்கள். செஃபசோலின் கரைசல் இளமஞ்சளாக இருப்பது வழமைதான்; நாளுக்கு நாள் மஞ்சள் கடுமையானாலோ, கலங்கினாலோ, துகள் மிதந்தாலோ அதை விடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ப் புதியதைப் பெறுங்கள்.

நட்டாமைசின் வேறு வகை, பூஞ்சணத்துக்கான மருந்து. அது கரைசலல்ல, மருந்துத் துகள்கள் நீரில் தொங்கிக்கொண்டிருக்கும் தொங்கல். ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்காவிட்டால் முதல் நாட்களில் வெறும் தண்ணீரையும் கடைசி நாட்களில் அடியில் தங்கிய கட்டி மருந்தையும் விடுவீர்கள். அதன் வெள்ளைத் துகள் புண்ணிலும் கீழிமைக்குள்ளும் ஒட்டியிருப்பதைப் பார்த்துச் சீழ் என்று பயப்படவும் வேண்டாம், அதைத் துடைத்தெடுக்கவும் வேண்டாம். பழைய மருந்தென்று இதைக் குறைத்து மதிப்பிடுகிறவர்களும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டின் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடைபெற்று 2013 இல் வெளியான ஆய்வொன்றில், பூஞ்சணப் புண்ணுக்கு, அதிலும் பியூசேரியம் என்னும் பூஞ்சணத்தால் வந்த புண்ணுக்கு, புதிய மருந்தான வொரிகொனசோலைவிட இந்தப் பழைய நட்டாமைசினே நல்ல பலன் தந்தது. வயலில் கண்ணைக் குத்திக்கொள்ளும் எங்கள் ஆட்களுக்கு வருவதும் பெரும்பாலும் இத்தகைய பூஞ்சணங்களே.

கடையில் வாங்கிய அந்தத் துளியின் பெட்டி இன்னும் வீட்டில் இருந்தால் பெயரைப் பாருங்கள். டெக்ஸாமெதசோன், பெற்றாமெதசோன், பிரெட்னிசொலோன் ஆகியவற்றில் ஒன்று எழுதியிருந்தால் அது ஸ்டெரொயிட். அது சிவப்பைக் குறைக்கும், பூஞ்சணத்தையும் வளரவிடும். நீங்கள் குணமாகிறது என்று எண்ணியிருந்த அந்த இரண்டு நாட்களின் கதை அதுவாகவும் இருக்கலாம். பெட்டியைக் கிளினிக்கில் காட்டுங்கள். நந்தியாவட்டையைப் பற்றி நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் திறந்த புண்ணுள்ள கண்ணில், முற்றத்துப் பூவைக் கையால் கசக்கி விடுவது கிருமியை வழிகாட்டிக் கூட்டிப்போவதற்குச் சமம்.

பதில் 2: களுவாஞ்சிகுடி வாசகர்

குளிர்சாதனப்பெட்டி இல்லாதவர்கள் மருந்தை மண்பானையில் வைக்கலாம் என்று எனது தகப்பனாரின் இன்சுலினுக்கு முன்னர் ஒருவர் சொல்லித் தந்தார். ஒரு பெரிய பானைக்குள் ஈரமணலைப் போட்டு, அதற்குள் சிறிய முட்டியைப் பதித்து, முட்டிக்குள் மருந்தை வைத்து ஈரச் சாக்கால் மூடிவிட வேண்டும். நாங்கள் அப்படித்தான் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தோம். தங்கச்சிக்கும் இது உதவலாம்.

பதில் 3: கண் விடுதித் தாதி

நான் கண் நோயாளர் விடுதியில் பல வருடங்களாகப் பணியாற்றி வருகிறேன். மருந்தாளர் ஐயா போத்தலுக்குள் இருப்பதைப் பற்றி எழுதிவிட்டார். போத்தலின் வாயிலிருந்து கண்வரையுள்ள அந்த ஓர் அங்குலத்தைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் விடுதியில் பத்து நாட்கள் குணமாகிக்கொண்டிருந்த கண்கள் வீட்டுக்குப் போனதும் பின்வாங்குவதைப் பார்க்கும்போது, காரணம் பெரும்பாலும் அந்த அங்குலத்தில்தான் இருக்கும்.

அம்மா மூன்று துளிகள் விடுவதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். நமது கண்ணில் எந்நேரமும் இருக்கும் கண்ணீரின் அளவு ஏறத்தாழ 7 மைக்ரோலீற்றர். போத்தலிலிருந்து விழும் ஒரு துளியே 30 முதல் 50 மைக்ரோலீற்றர்வரை இருக்கும். அதாவது ஒரு துளியில் பாதிக்கு மேல், நீங்கள் எவ்வளவு கவனமாக விட்டாலும், கன்னத்தில் வழியத்தான் செய்யும். வழிவதைப் பார்த்து மருந்து போய்விட்டது என்று அம்மா எண்ணுகிறார். உண்மையில் கண் நிறைந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். இரண்டாவது துளி முதல் துளியைக் கழுவிக்கொண்டு போகும், மூன்றாவது இரண்டாவதைக் கழுவும். மூன்று மருந்தையும் ஒரே மூச்சில் விட்டால் இதே கதிதான்: கடைசியாக விட்டது மட்டும் கண்ணில் நிற்கும், முதலில் விட்ட இரண்டும் துவாயில் இருக்கும். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்து நிமிடங்கள் கட்டாயம் விடுங்கள். தெளிந்த கரைசலான செஃபசோலினை முதலிலும், ஒட்டிக்கொள்ளும் தன்மையுள்ள நட்டாமைசினைப் பின்னரும் விடுவது நல்லது. என்றாவது களிம்பு தந்தால் அது எல்லாவற்றுக்கும் பின்னால், ஏனென்றால் களிம்பின் மேல் துளி நிற்காது.

விடும் முறையை எழுத்தில் சொல்வது சிரமம், இருந்தாலும் முயல்கிறேன். விடுபவர் சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவி, சுத்தமான துணியில் துடைத்துக்கொள்ள வேண்டும். கண்ணில் பீளை இருந்தால் கொதித்தாறிய நீரில் நனைத்த பஞ்சால் மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பில் துடைத்து அந்தப் பஞ்சை எறிந்துவிடுங்கள். அதே பஞ்சால் மறுபடி துடைக்க வேண்டாம், மற்றக் கண்ணைத் தொடவே வேண்டாம். அப்பாவைப் பாயில் மல்லாந்து படுக்கச் சொல்லி, கூரையைப் பார்க்கச் செய்து, கீழிமையை ஒரு விரலால் மெதுவாகக் கீழே இழுத்தால் ஒரு சிறு பை திறக்கும். துளி விழ வேண்டிய இடம் அந்தப் பைதான், கருவிழியல்ல. கருவிழியின்மேல் நேராக விழுந்தால் எரிவும் கூடும், கண்ணும் சட்டென மூடிக்கொள்ளும். போத்தல் பிடித்த கையை அவரது நெற்றியில் ஊன்றிக்கொண்டால் நடுங்காது. போத்தலின் முனை இமையிலோ மயிரிலோ விரலிலோ படக்கூடாது. பட்டால் புண்ணிலிருக்கும் கிருமி போத்தலுக்குள் ஏறிவிடும், அதன் பின்னர் நீங்கள் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை விடுவது மருந்தையல்ல. முனையைத் தண்ணீரில் கழுவுவதும் கூடாது. மூடியை மேசையில் வைப்பதானால் அதன் உட்பக்கம் எதிலும் படாதபடி வையுங்கள்.

துளி விழுந்ததும் கண்ணை இறுக்கி மூடவும் வேண்டாம், கொட்டிக் கொட்டித் திறக்கவும் வேண்டாம்; தூங்குவதுபோல் மெதுவாக மூடச் சொல்லுங்கள். மூக்கோடு சேரும் கண்ணின் மூலையை ஒரு விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அங்கேதான் கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் குழாய் இருக்கிறது. அழுத்தாவிட்டால் மருந்து அந்தக் குழாயால் இறங்கி, மூக்கின் தோலால் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் சேரும். தொண்டையில் கசப்புத் தெரிந்தால் அந்த வழியாகப் போயிருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். உங்கள் மூன்றாவது போத்தலான அட்ரோபினுக்கு இது மிகவும் முக்கியம். கண்மணியை விரித்து, உள்ளே இறுகும் தசையைத் தளர்த்தி வலியைக் குறைப்பதற்கே அதைத் தருகிறோம். ஆனால் வயதானவர்களின் உடம்பில் அது சேர்ந்தால் வாய் வறளும், நெஞ்சு படபடக்கும், சிறுநீர் தடைப்படலாம், சிலர் இடம் தெரியாமல் பிதற்றவும் கூடும். அப்பாவுக்கு ஏற்கெனவே சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருந்தால் கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள். அட்ரோபின் விடும் காலத்தில் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். அது புண் கூடுவதன் அறிகுறியல்ல. ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போதும். கண்ணைத் துணியால் கட்டிவிட வேண்டாம், கட்டினால் உள்ளே சூடும் ஈரமும் சேர்ந்து கிருமிக்கு வசதியாகிவிடும்.

மூன்று போத்தல்களும் இரவில் மாறிப்போகாமல் இருக்க நாங்கள் சொல்லிக்கொடுக்கும் ஒரு வழி இருக்கிறது. முதலில் விடும் போத்தலில் ஒரு றப்பர் பட்டி, இரண்டாவதில் இரண்டு, அட்ரோபினில் எதுவும் வேண்டாம். மின்வெட்டிலும் விரலால் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரங்களை எழுதிச் சுவரில் ஒட்டி, விட்டவுடன் அடையாளமிடுங்கள். விட்டோமா இல்லையா என்ற சந்தேகம் மூன்றாம் நாளிலேயே வந்துவிடும்.

பதில் 4: ஓய்வுபெற்ற மருந்தாளர், கல்லடி

களுவாஞ்சிகுடித் தம்பி சொன்ன பானையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. பாவனையிலிருக்கும் இன்சுலினைச் சில கிழமைகள் குளிர்சாதனப்பெட்டிக்கு வெளியே வைத்திருக்கலாம், அதனால் வெயிலின் சூட்டைத் தணிக்கும் பானை அதற்குப் போதும். கலந்த செஃபசோலினின் நிலை வேறு. அது 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். பானை குளிர்வது ஈரம் ஆவியாவதால். காற்று உலர்ந்திருந்தால்தான் ஈரம் நன்றாக ஆவியாகும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் பானைத் தண்ணீர் பல்லுக் கூசும் என்பார்கள், மழைக்காலத்தில் அதே பானை சும்மா இருக்கும். ஆனால் எந்தக் கச்சானிலும் மட்டக்களப்பில் ஒரு பானை 20 பாகைக்குக் கீழே இறங்காது, 8 பாகை என்பது அதற்கு எட்டாக் கனி.

மகளுக்கு நான் சொல்லும் வழி இது. வாய் அகன்ற ஒரு பிளாஸ்க்கை எடுத்து, மாமி வீட்டில் உறைய வைத்த ஐஸ் கட்டிகளை அதில் பாதியளவுக்கு இடுங்கள். மருந்துப் போத்தலை ஒரு பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, அதைத் துணியால் சுற்றி, ஒரு சிறிய மூடியுள்ள பிளாஸ்ரிக் டப்பாவில் வைத்து ஐஸின் மேல் வையுங்கள். துணி இல்லாமல் ஐஸோடு ஒட்டினால் மருந்து உறைந்துவிடலாம், உறைந்த மருந்தை உருக்கி விடக்கூடாது. ஐஸ் உருகிய நீர் மூடியைத் தொடவும் கூடாது. காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் ஐஸை மாற்றினால் போதும். மீன் பெட்டிக்குப் போடும் ஐஸை வாங்கிப் பாவிக்க வேண்டாம். அது எந்தத் தண்ணீர் என்று எங்களுக்குத் தெரியாது. கிளினிக்குக்குப் போய்ப் புதிய போத்தல் எடுத்துவரும் நாளிலும் இதே பிளாஸ்க் உங்களோடு பஸ்ஸில் வரட்டும். இப்போது மண்முனைப் பாலம் இருப்பதால் வழி சுருங்கியிருக்கிறது, இருந்தாலும் நண்பகல் வெயிலில் பஸ் யன்னலோரத்துப் பைக்குள் அந்தப் போத்தல் அனுபவிக்கும் சூடு கொஞ்சமல்ல.

நட்டாமைசின் போத்தலில் 2 முதல் 24 பாகை என்று அச்சிட்டிருப்பார்கள். அறையில் வைத்தால் போதும் என்று சிலர் அதை விளங்கிக்கொள்கிறார்கள். அச்சிட்டவரின் அறை வேறு, தகரக் கூரை போட்ட எங்கள் அறை வேறு. அதையும் பிளாஸ்க்கிலேயே வையுங்கள்.

பதில் 5: அக்கரைப்பற்று வாசகர்

அஸ்ஸலாமு அலைக்கும். எனது உம்மாவுக்குக் கண்ணில் புண் இல்லை, குளுக்கோமா என்னும் கண் அழுத்த நோய். ஆனாலும் தாதி சகோதரி எழுதிய அந்த மூலையை அழுத்தும் விடயத்தில் எங்களுக்கு ஓர் அனுபவம் உண்டு.

உம்மாவுக்கு நாளுக்கு இரண்டு தடவை டிமோலோல் எழுதியிருந்தார்கள். உம்மாவுக்குச் சிறுவயதிலிருந்தே முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருந்தது; இடையில் பல வருடங்கள் வராததால் நாங்கள் அதை வைத்தியரிடம் சொல்லவில்லை, கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணிவிட்டோம். மருந்து தொடங்கி இரண்டாம் கிழமையில் இரவில் இழுக்கத் தொடங்கியது. பனி என்றோம், சாம்பிராணிப் புகை என்றோம். கடைசியில் மூச்சுத் திணறலோடு கொண்டுபோன இடத்தில் ஒரு இளம் டொக்டர்தான், கண்ணுக்கு ஏதாவது மருந்து விடுகிறீர்களா என்று கேட்டார். டிமோலோல் இரத்தத்தில் சேர்ந்தால் சுவாசக்குழாய்களைச் சுருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தோம். அதை நிறுத்தி, இரவில் ஒரு தடவை மட்டும் விடும் லட்டனோப்ரொஸ்ட்டுக்கு மாற்றித் தந்தார்கள். தவறு யாருடையது என்று கேட்டால், சொல்லாமல் விட்ட எங்களுடையதுதான். கண் மருந்து எழுதும்போது முட்டு, இருதய வருத்தம், சிறுநீர் வருத்தம் எல்லாவற்றையும் கேட்காமலே சொல்லிவிடுவது நல்லது.

லட்டனோப்ரொஸ்ட்டும் திறக்கும்வரை குளிரில் இருக்க வேண்டியது. திறந்த பின்னர் 25 பாகைக்குள் ஆறு கிழமைகள் வைத்திருக்கலாம் என்று பெட்டியில் இருக்கிறது, ஆனால் எங்கள் ஊரில் 25 பாகை எங்கே இருக்கிறது? ஆகவே திறந்ததையும் குளிர்சாதனப்பெட்டியின் கதவுத் தட்டில் வைக்கிறோம். இதில் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. உம்மா தனியாக மருந்து விடும்போது துளி உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று அவருக்குத் தெரிவதில்லை. குளிர்ந்த துளி விழுந்தால் சில்லென்று தெரிகிறது. கை நடுங்குகின்ற நாட்களில் அவர் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, மூக்கோரத்து மூலையில் ஒரு துளியை விட்டு, பின்னர் கண்ணைத் திறந்து உள்ளே வழியவிடுகிறார். கிளினிக்கில் கேட்டபோது அதுவும் சரிதான் என்றார்கள்.

மீண்டும்: படுவான்கரை மகள்

எல்லோருக்கும் நன்றி. இன்று காலையிலிருந்து அம்மா ஒரு துளிதான் விடுகிறார். அதற்கே பெரிய வாக்குவாதம் நடந்தது. எட்டு மைக்ரோலீற்றரும் இல்லாத கண்ணீருக்கு இவ்வளவு மருந்தா என்று அப்பாதான் அம்மாவைக் கேட்டு வாயை அடைத்தார். பிளாஸ்க் தயாராகிவிட்டது. கடையில் வாங்கிய பெட்டியைக் குப்பைக்குள் தேடி எடுத்தேன்: டெக்ஸாமெதசோன் என்றுதான் எழுதியிருக்கிறது. நாளைக்கே கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை பெட்டியையும் கொண்டுபோகிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இரவு பத்து மணிக்கு விட்ட பிறகு அப்பா தூங்கிவிடுகிறார். எழுப்பி விட வேண்டுமா? இன்னொன்று, வலி இப்போது குறைவாக இருப்பதால் நாளை வட்டைக்குப் போய்ப் பார்த்துவர வேண்டும் என்கிறார்.

பதில் 6: கண் விடுதித் தாதி

உங்கள் துண்டில் விழித்திருக்கும் நேரத்தில் என்று எழுதியிருப்பதால் எழுப்ப வேண்டாம். விடிய எழும்பியதும் முதல் வேலையாக விடுங்கள். முதல் இரண்டு நாட்களிலும் இரவு முழுவதும் நாங்கள் எழுப்பியது இப்போது அவர் தூங்குவதற்காகத்தான்.

வட்டைக்குப் போகவே கூடாது. வைக்கோல் தூசி பறக்கும் இடத்தில் திறந்த புண்ணோடு நிற்பது வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அடுத்த போகத்தில் மெசினுக்கு அருகே நிற்பவர்கள் எல்லோரும் ஒரு சாதாரண பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். வலி குறைந்திருப்பது நல்ல அறிகுறி. ஆனால் அந்த வெள்ளைப் புள்ளி பெரிதானாலோ, வலி திரும்பி வந்தாலோ, பார்வை முன்பைவிடக் குறைந்தாலோ, கருவிழியின் கீழ்ப்பாகத்தில் வெள்ளையாக ஏதேனும் தேங்கி நிற்பதைக் கண்டாலோ, அன்றிரவே விடுதிக்குக் கொண்டு வாருங்கள். வரும்போது மூன்று போத்தல்களையும் பிளாஸ்க்கோடு எடுத்து வர மறக்க வேண்டாம்.